தீக்குழி கடைசிப் பக்கம்தான்

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் தேனிப் பக்கத்துக்காரர். சிங்கப்பூருக்கு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. ஐப்பசி மாதம் ஒருநாள் மதிய உணவு நேரத்தில் என்னிடம் கேட்டார்: "அக்கா, சவுத் பிரிட்ஜ் சாலையில் இருப்பது மாரியம்மன் கோயில். ஆனால் அங்கே தீ மிதிப்பது திரௌபதிக்காக என்கிறார்களே? எங்கள் ஊரில் மாரியம்மனுக்குத்தான் தீச்சட்டி எடுப்போம். திரௌபதி எப்படி இங்கே வந்தாள்?"

நல்ல கேள்வி. இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலரும் இதே கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்கக் கூச்சப்படுகிறார்கள். அவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். மகாபாரதம் படித்திருக்க வேண்டியதில்லை, கோயில் பழக்கமும் வேண்டியதில்லை. முதலிலிருந்தே தொடங்கலாம்.

சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயில் ஸ்ரீ மாரியம்மன் கோயில்தான். இங்கே பிரிட்டிஷ் குடியேற்றத்தை நிறுவிய ராபிள்ஸ் 1819ஆம் ஆண்டு இரண்டாம் முறை வந்தபோது, பினாங்கில் அரசாங்க எழுத்தராக இருந்த நாராயண பிள்ளையும் உடன் வந்தார். செங்கல் சூளை வைத்தார், துணி வியாபாரம் செய்தார், இங்கிருந்த தமிழர்களுக்குத் தலைவராகவும் ஆனார். கோயிலுக்கு இடம் தேடி அலைந்த கதை தனி. தெலுக் ஆயரில் முதலில் ஓர் இடம் கொடுத்தார்கள். அங்கே பூசைக்கு நல்ல தண்ணீர் கிடைக்கவில்லை. அடுத்துப் பார்த்த இடம் நகரத் திட்டத்துக்கு ஒத்துவரவில்லை. கடைசியில் 1823இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் இன்றுள்ள இடம் அமைந்தது. 1827இல் மரத்தாலும் அத்தாப்பு என்னும் ஓலைக் கூரையாலும் எளிய கோயில் எழுந்தது. அப்போது நாராயண பிள்ளை வைத்த சிறிய அம்மன் திருவுருவத்தைச் 'சின்ன அம்மன்' என்பார்கள். இன்றைக்கும் அவள் கருவறையில்தான் இருக்கிறாள்.

1843இல் செங்கல் கட்டடம் வந்தது. முதலில் மூன்று நிலைக் கோபுரமாக இருந்தது, 1925இல் இப்போதுள்ள உயர்ந்த கோபுரமாயிற்று. 1973இல் தேசிய நினைவுச் சின்னமானது. இத்தனை மாறியும் உள்ளே இருக்கும் அந்தச் சிறிய அம்மன் மாறவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகத் தோன்றுகிறது. அத்தாப்புக் கூரைக்குக் கீழே நின்று கும்பிட்டவன் பார்த்த அதே முகத்தைத்தான் நாமும் பார்க்கிறோம்.

அந்தக் காலத்தில் இது வெறும் வழிபாட்டு இடமாக மட்டும் இருக்கவில்லை. கப்பலிலிருந்து இறங்கி, போக இடம் இல்லாமல் நின்றவர்கள், ஒரு வேலையும் தங்க ஓர் இடமும் அமையும்வரை இங்கேதான் தங்கினார்கள். இந்துத் திருமணங்களை முறைப்படி நடத்திப் பதிவு செய்யும் உரிமையும் ஒரு காலத்தில் இந்தக் கோயிலுக்கு மட்டுமே இருந்தது. ஆக, வந்து இறங்கிய தமிழனுக்கு முதல் படுக்கையும் கோயிலில்தான், தாலி கட்டும் இடமும் கோயில்தான்.

சரி, மாரியம்மன் யார்? 'மாரி' என்றால் மழை. மழையைத் தருபவள், வெப்பு நோய்களைத் தணிப்பவள். அம்மை நோய்க்கே 'அம்மை' என்று அவள் பெயரைத்தான் வைத்திருக்கிறோம். பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்துவிட்டது என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது 1980இல்தான். அதற்கு முன் வாழ்ந்த தலைமுறைகளுக்கு வேப்பிலை என்பது வாசலில் கட்டும் அலங்காரம் அல்ல. வீட்டுக்குள் அம்மை வந்திருக்கிறது என்ற அறிவிப்பு.

அவள் பிறப்பைப் பற்றிப் பல கதைகள் உண்டு. அதிகம் சொல்லப்படுவது ரேணுகையின் கதை. ஜமதக்கினி முனிவரின் மனைவி ரேணுகை, ஆற்று மணலிலேயே குடம் பிடித்து அதில் தண்ணீர் கொண்டு வருவாள். சுடாத பச்சை மணற்குடம் அவள் மனத்தூய்மையால் உடையாமல் நிற்கும். ஒருநாள் வானத்தில் சென்ற கந்தர்வனின் நிழல் நீரில் விழ, ஒரு கணம் அவள் மனம் அந்த அழகில் நின்றது. குடம் கரைந்து போயிற்று. முனிவர் கோபம் கொண்டு மகன் பரசுராமனிடம் தாயின் தலையை வெட்டச் சொன்னார். வெட்டினான். பிறகு தந்தை கொடுத்த வரத்தால் தாயை உயிர்ப்பிக்கும்போது, அவசரத்தில் அவள் தலையை உடன் வெட்டுண்டு கிடந்த வேறொரு பெண்ணின் உடலோடு பொருத்திவிட்டான். அந்த இருவரும் ஒருவராகி நிற்பவள்தான் மாரியம்மன் என்பது ஐதிகம்.

இந்த 'ஐதிகம்' என்ற சொல்லைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். வரலாறு வேறு, ஐதிகம் வேறு. 1827இல் நாராயண பிள்ளை கோயில் கட்டினார் என்பது வரலாறு. மணற்குடம் கரைந்தது என்பது ஐதிகம். வழிவழியாகச் சொல்லி வந்து, மக்கள் நம்பி, அந்த நம்பிக்கையின்மேல் ஒரு வழிபாட்டையே கட்டி எழுப்பிய கதை. பழைய கோயில்களில் ஒரு சடங்கு நமக்குப் புரியவில்லை என்றால், பெரும்பாலும் அதற்குப் பின்னாலிருக்கும் ஐதிகம் நமக்குத் தெரியவில்லை என்று பொருள். தீமிதியும் அப்படித்தான்.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருவோம். தமிழ்நாடு முழுவதும் மாரியம்மனை அறியும். ஆனால் திரௌபதியை அம்மனாகக் கும்பிடுவது வடதமிழ்நாட்டிலும் சோழநாட்டுப் பக்கத்திலும்தான் வேரோடியது. பழைய தென்னார்க்காடு மாவட்டம், செஞ்சியைச் சுற்றிய ஊர்கள், தஞ்சை, நாகை வட்டாரம் என்று ஊருக்கு ஊர் திரௌபதி அம்மன் கோயில்கள் இருக்கும். செஞ்சிக்கு அருகிலுள்ள மேலச்சேரியை அந்த வழிபாட்டின் தாய்வீடாகவே சொல்வார்கள். தேனிக்காரருக்கு அவள் அறிமுகமாகாததில் வியப்பே இல்லை.

பழைய சிங்கப்பூருக்கு வந்த தமிழர்களில் நாகப்பட்டினம், கடலூர் பக்கத்தவர்கள் நிறையப் பேர். துணிமூட்டையோடு சேர்த்துத் தங்கள் ஊர் அம்மனையும் கொண்டுவந்தார்கள். மாரியம்மன் கோயிலுக்குள் திரௌபதிக்கும் சன்னிதி அமைந்தது. பக்கத்தில் பஞ்சபாண்டவர்கள், கண்ணன். 1840 முதல் இங்கே தீமிதி நடந்துவருகிறது. இதே போலத் தமிழர்கள் கப்பலேறிப் போன மொரிஷியஸ், ரீயூனியன், பிஜி, தென்னாப்பிரிக்கா எல்லாவற்றிலும் தீ மிதிக்கும் வழக்கம் அவர்களோடு போயிருக்கிறது.

இரண்டு அம்மன்கள் ஒரே கோயிலில் எப்படி என்று கேட்டால், நம் ஊர்க் கோயில்களில் அது எப்போதும் இருந்துவருவதுதான். ஒரு தெய்வம் இன்னொரு தெய்வத்துக்குத் தன் வீட்டில் இடம் கொடுக்கும். இதே கோயிலில் பெரியாச்சி அம்மனையும் பாருங்கள். காலடியில் ஒரு அரசனை மிதித்து, மடியில் அரசியைக் கிடத்திக் குடலை உருவிக்கொண்டு, ஒரு கையில் குழந்தையை உயரத் தூக்கிப் பிடித்திருப்பாள். முதல்முறை பார்ப்பவர்கள் மிரண்டுபோவார்கள். ஆனால் இந்த ஊரில் பிள்ளை பெற்ற தாய்மார்கள் முப்பது நாள் கழிந்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவது அவளிடம்தான். கொடிய அரசனை அழித்த மருத்துவச்சி அவள், தாயையும் சேயையும் காப்பவள் என்பது ஐதிகம். கதை தெரிந்துவிட்டால் அந்த உருவம் பயமுறுத்தாது. தூக்கிப் பிடித்திருக்கும் அந்தக் குழந்தை மட்டும்தான் கண்ணில் படும்.

கதையாக நடக்கும் திருவிழா

தீமிதி என்றால் ஐப்பசியில், தீபாவளிக்குச் சில நாள் முன்பு, ஒரே ஓர் இரவு நடப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தொலைக்காட்சியில் காட்டுவதும் அந்த இரவைத்தான். உண்மையில் விழா தொடங்குவது ஏறத்தாழ இரண்டரை மாதத்துக்கு முன்பே, கொடியேற்றத்தோடு. அன்று முதல் மகாபாரதக் கதை கோயிலுக்குள் நடக்கத் தொடங்குகிறது. 'நடக்கிறது' என்ற சொல்லைத் தெரிந்தேதான் எழுதுகிறேன். பாரதம் படிப்பார்கள், படித்த கதையின் முக்கியமான கட்டங்களைச் சடங்காகச் செய்வார்கள். கல்யாணம் வந்தால் கல்யாணம். போர் வந்தால் போர். அந்தக் கதை முடியும் இடத்தில்தான் தீக்குழி இருக்கிறது. மற்ற பக்கங்களைப் புரட்டாமல் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, 'எதற்காக இப்படி நெருப்பில் நடக்கிறார்கள்?' என்று கேட்டால் விடை எப்படிக் கிடைக்கும்?

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாஞ்சால நாட்டு அரசன் துருபதன் செய்த வேள்வியில் தோன்றியவள் திரௌபதி. நெருப்புக்கும் அவளுக்கும் உள்ள உறவு அவள் பிறப்பிலேயே இருக்கிறது. அர்ச்சுனன் வில்லை வளைத்து இலக்கை வீழ்த்தி அவளை வென்றான், பாண்டவ சகோதரர்கள் ஐவருக்கும் மனைவியானாள். கோயிலில் திருக்கல்யாணம் நடக்கும்போது மணமகன் அர்ச்சுனன்தான். நம் வீட்டுக் கல்யாணம் போலவே தாலி உண்டு, அட்சதை உண்டு.

பிறகு பெரியப்பா மக்களான கௌரவர்களோடு சூதாட்டம். ஐவரில் மூத்த தருமன் நாட்டை இழந்தான், தம்பிகளை இழந்தான், தன்னை இழந்தான், கடைசியில் மனைவியையும் வைத்து இழந்தான். கௌரவர்களில் ஒருவனான துச்சாதனன் அவள் கூந்தலைப் பற்றிச் சபைக்கு இழுத்து வந்தான். புடவையை உரிந்தான். கண்ணன் அருளால் புடவை வளர்ந்துகொண்டே போயிற்று. அந்தச் சபையில் திரௌபதி ஒரு சபதம் செய்தாள்: இந்தக் கொடியவர்களின் குருதியைப் பூசாமல் இந்தக் கூந்தலை முடியமாட்டேன். வனவாசம் பன்னிரண்டு ஆண்டு, மறைந்து வாழ்ந்தது ஓராண்டு. அத்தனை காலமும் முடியாத கூந்தல். தமிழ்நாட்டுக் கதைமரபில் திரௌபதியின் அடையாளமே அந்த விரித்த கூந்தல்தான்.

அடுத்தது அரவான். இவனைப் பற்றிப் பேசாமல் என்னால் நகர முடியாது. அர்ச்சுனனுக்கும் நாககன்னி உலூபிக்கும் பிறந்த மகன். பாரதப் போர் தொடங்கும் முன் வெற்றிக்காகக் காளிக்கு ஒரு பலி வேண்டும். முப்பத்திரண்டு அங்க இலக்கணமும் குறையாமல் அமைந்த ஒருவனைத்தான் பலியிட வேண்டும். அப்படிப்பட்டவர்களில் கண்ணனை இழக்க முடியாது, அர்ச்சுனனை இழக்க முடியாது. மிஞ்சியவன் அரவான். அவனும் சம்மதித்தான். ஒன்பதாம் நூற்றாண்டுப் பாரத வெண்பாவிலேயே இந்தக் களப்பலிக் கதை இருக்கிறது, அவ்வளவு பழையது. வெட்டுண்ட பின்னும் பதினெட்டு நாள் போரைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அவன் வரம் கேட்டதாகச் சொல்வார்கள். அதனால்தான் அரவானைத் தலையாக மட்டும் வைத்துக் கும்பிடுகிறோம். சவுத் பிரிட்ஜ் சாலைக் கோயிலிலும் அந்தத் தலை இருக்கிறது. பெரிய விழிகள். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் அவன் இன்னும் போரைப் பார்த்துக்கொண்டிருப்பது போலவே இருக்கும்.

அரவான் களப்பலி நடக்கும் நாளில் தீமிதி அன்று வரும் கூட்டத்தில் ஒரு சிறு பங்குகூட இருக்காது. என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது அந்த நாளைத்தான். ஒருமுறை எனக்கு அருகே நின்றிருந்த ஒரு மூதாட்டி, களப்பலி நேரத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "ஐயோ, என் பிள்ளையே" என்றார். அவருக்கு அது கதை இல்லை.

படுகளம் என்பது போர்க்களத்தில் பட்டுக் கிடப்பவர்களின் காட்சி. தமிழ்நாட்டுக் கிராமங்களில் மண்ணாலேயே கௌரவர்களில் மூத்தவனான துரியோதனனின் மிகப் பெரிய உருவத்தைத் தரையில் கிடத்தியிருப்பார்கள். தொடை பிளக்கும் இடத்திலிருந்து சிவப்பு நீரை எடுத்துத் திரௌபதியின் கூந்தலில் பூசி, பூச்சூட்டி முடிவார்கள். பதின்மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக விரிந்து கிடந்த கூந்தல் அன்றுதான் முடிச்சுக் காணும். சிங்கப்பூரிலும் தீமிதிக்கு முன் படுகளம் உண்டு. இடத்துக்கு ஏற்ற அளவில் செய்கிறார்கள்.

கூந்தல் முடிந்தாயிற்று, போர் முடிந்தது. அப்புறம்தான் நெருப்பு. சபையில் மானபங்கம் செய்யப்பட்டு, காட்டிலும் பிறர் வீட்டிலும் வாழ்ந்து, இத்தனை இரத்தம் பார்த்து வந்தவள், தான் களங்கமற்றவள் என்று நெருப்பில் இறங்கிக் காட்டினாள் என்பது ஐதிகம். வடமொழியில் வியாசர் சொன்ன பாரதத்தில் இந்தத் தீமிதி கிடையாது. இது நம் மக்கள் சொல்லிய கதை. சிலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கோ இதுதான் பெருமையாகப் படுகிறது. வேள்வித் தீயில் பிறந்தவளை மீண்டும் தீயிடமே சாட்சி கேட்க வைத்து, நம் ஊர்ப் பெண்களும் ஆண்களும் அவள் கதையை அவர்களுக்குத் தெரிந்த நியாயப்படி முடித்துவைத்தார்கள்.

அந்த இரவு

தீ மிதிக்க வேண்டிக்கொண்டவர்கள் முன்கூட்டியே பெயர் பதிவு செய்துகொள்வார்கள். மஞ்சள் காப்பு, மஞ்சள் ஆடை, சைவ உணவு, தரையில் படுக்கை என்று விரதம் இருப்பார்கள். 'நேர்த்திக்கடன்' என்ற சொல் இங்கே முக்கியம். பிள்ளைக்கு உடம்பு தேறினால், வேலை கிடைத்தால், அம்மாவின் அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்தால் தீ மிதிக்கிறேன் என்று அம்மனிடம் சொன்ன சொல். சொன்ன சொல் கடன். கடனைத் தீர்க்க வருகிறார்கள். சிலர் அங்கப்பிரதட்சிணம் செய்வார்கள். சிலர் கும்பிடுதண்டம் போடுவார்கள். விழுந்து வணங்கி எழுந்து, சில அடி நடந்து, மீண்டும் விழுந்து வணங்குவது அது.

தீமிதி நாளில் சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து ஊர்வலம் புறப்படும். பெருமாள் கோயிலிலிருந்து ஏன்? திரௌபதிக்குக் கண்ணன் அண்ணன் முறை. தங்கை பெருமாளின் வீட்டிலிருந்து புறப்பட்டு வருகிறாள் என்றே நான் புரிந்துகொள்கிறேன். ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் வெறுங்காலில் நடை.

இதற்குள் சவுத் பிரிட்ஜ் சாலைக் கோயிலில் விறகு எரிந்து கனலாகியிருக்கும். கனலைத் தட்டிப் பரப்பிச் சமமாக்குகிறார்கள். இந்தக் குழிக்குப் 'பூக்குழி' என்றும் பெயர். பரப்பிய தணலைப் பூ என்று சொல்லும் மனம் வேறு எந்த மொழியில் இருக்கிறதோ, எனக்குத் தெரிந்தவரை நம் மொழியில் இருக்கிறது. முதலில் கரகம் இறங்கும். பூவும் வேப்பிலையும் சுற்றிய கரகத்தைத் தலையில் தாங்கித் தலைமைப் பூசாரியான பண்டாரம் கனலில் நடந்து செல்வார். அவருக்குப் பின்தான் மற்றவர்கள். இங்கே தீ மிதிப்பவர்கள் ஆண்கள். பெண்கள் பால்குடம் எடுப்பார்கள், குழியை வலம் வருவார்கள்.

சுடுமா என்று கேட்பார்கள். சுடும். கனலின்மேல் படியும் சாம்பல் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும், பாதம் தங்கும் நேரமும் குறைவு என்று அறிவியல் சொல்வது சரிதான். அதற்காக யாரும் விளையாட்டாக இறங்குவதில்லை. குழியின் மறுமுனையில் பால் ஊற்றிய சிறு குழி இருக்கும். அதில் காலை நனைத்துக்கொண்டு ஏறுவார்கள்.

நான் பார்த்ததில் மறக்காதது ஒன்று. நடுத்தர வயது மனிதர் ஒருவர், கையில் மஞ்சள் துணியில் சுற்றிய வேப்பிலைக் கொத்து. குழியைக் கடக்கும்வரை முகத்தில் எதுவும் இல்லை, நேரே பார்த்தபடி நடந்தார். பால்குழியில் இறங்கியதும் பால் கணுக்கால்வரை ஏறிச் சாம்பலோடு கலந்து பழுப்பானது. அப்போதுதான் குனிந்து தன் கால்களைப் பார்த்தார், ஏதோ அவை வேறு யாருடைய கால்களோ என்பது போல. ஓரமாகக் காத்திருந்த ஒரு பையன், அவர் மகனாக இருக்க வேண்டும், ஓடிவந்து துண்டை நீட்டினான். வாங்காமல் அவன் தலையில் கையை வைத்து அழுத்தினார். யாருக்காக வேண்டிக்கொண்டாரோ!

புதிதாக வருபவர்களுக்கு இரண்டொரு விவரம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தீமிதி இரவில் குழிக்கருகே இடம் கிடைப்பது கடினம், சாலையும் மூடியிருக்கும், ரயிலில் வருவதே நல்லது. சைனாடவுன் நிலையத்திலிருந்து பகோடா தெரு வழியே நேராக வந்தால் தெருமுனையில் கோபுரம். ஆனால் சாதாரண நாளில், மதியம் நடை சாத்துவதற்குள் ஒருமுறை வாருங்கள். சின்ன அம்மனைக் கும்பிட்டுவிட்டு, திரௌபதி சன்னிதிக்கு முன் நின்று பாண்டவர்களை ஒவ்வொருவராக அடையாளம் காணுங்கள். பிறகு அரவானிடம் போங்கள்.

தம்பிக்கு இவ்வளவையும் சொல்லி முடிக்கையில் மதிய உணவு நேரம் முடிந்துவிட்டது. சாப்பாட்டுப் பொட்டலத்தை மடித்துக்கொண்டே, "அப்படியானால் அரவான் நாளை இந்த வருடம் தவறவிட்டுவிட்டேனா?" என்று கேட்டார். ஆம் என்றேன். அடுத்த ஆண்டுக் கொடியேற்றம் எப்போது என்று கேட்டு, கைப்பேசியில் ஆடி மாதத்துக்கு நேரே ஒரு குறிப்பு எழுதிவைத்துக்கொண்டார்.